ஆளிருக்கிற வீடுகள்

செம்பூரணியில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு எதன் முன்னால் நின்று குரல் கொடுத்தாலும், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "உள்ள இருக்காக." வந்தவர் பழைய தேக்குத் தூண் விலைக்குக் கேட்கிற வியாபாரியாக இருக்கலாம். மீட்டர் பார்க்க வந்த கரண்டு ஆபீஸ்காரராக இருக்கலாம். கொத்தமங்கலத்து வீடுகளைப் படம் பிடித்துவிட்டு வழி தவறி இந்தப் பக்கம் வந்த வெள்ளைக்காரராகக்கூட இருக்கலாம். யாரும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. திருட்டுப் பயம் அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நிலைப்படியில் நின்று இல்லை என்று சொன்னால் வீடு அதைக் கேட்டுக்கொள்ளும். கேட்டுக்கொண்டால் அப்புறம் நிஜமாகவே யாரும் திரும்பி வர மாட்டார்கள்.

பாண்டீஸ்வரி இந்த ஊருக்கு வாழ வந்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. பிறந்தது காளையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அம்மா நோயில் விழுந்ததும் தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்ததால் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றுதான் எதையும் பார்ப்பாள். பார்ப்பதை மறக்க மாட்டாள். புருஷன் உதயகுமார் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிற கூட்டத்தில் ஒருவன். முகூர்த்தக் காலத்தில் அவளும் கூடப் போய்த் தேன்குழல் பிழிவாள், சீப்புச்சீடை உருட்டுவாள். "ஒம் பொண்டாட்டி கை பட்டா மாவு சொன்ன பேச்சுக் கேக்குதுய்யா" என்று தலைமைச் சமையல்காரர் ஒருநாள் சொன்னபோது, அதை அவள் காதில் விழாத மாதிரி வைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது.

சென்னைக்குப் போய்விட்ட தேனம்மை ஆச்சியின் பூட்டிய வீட்டை அப்போது மாமியார் சின்னத்தாயி பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி போனபிறகு சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுத்தாள். எண்ணெய் எங்கே வாங்குவது, எந்தக் கதவை முதலில் திறப்பது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக, "எவன் வந்து கேட்டாலும் இருக்காகன்னு சொல்லு" என்றாள். பாண்டீஸ்வரி தலையாட்டினாள்.

அந்த வீட்டில் வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி எட்டு அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று எந்தக் காலத்திலோ கட்டியது. எட்டிலும் எட்டுப் பூட்டு. சாவிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பினாங்கிலும் இருந்தன. பாண்டீஸ்வரியிடம் இருந்தவை வாசல் சாவியும் இரண்டாங்கட்டுச் சாவியும் அடுப்படிச் சாவியும்தான். இத்தனை வருஷத்தில் ஓர் அறையின் உள்ளேகூட அவள் பார்த்ததில்லை. சாயங்காலம் வாசலைத் திறக்கும்போதே, "ஆச்சி, நாந்தேன் வந்துருக்கேன்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டு நுழைவாள். பெருக்குவாள், ஆச்சியின் தகப்பனார் அப்பச்சியின் படத்துக்கு முன்னால் விளக்கு வைப்பாள், பூட்டிய எட்டுக் கதவுகளும் பார்க்க ஓரமாகச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். வெயில் தாழும்போது மரம் நெட்டி முறிக்கும். ஓடு சொடுக்கும். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்த சத்தம் என்பதால் பயமில்லை. "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவாள்.

உதயகுமார் போனது அவளுக்கு முப்பது நெருங்குகிற சமயத்தில். கல்யாணங்களுக்கு வெளியூர்க் கம்பெனிகள் வந்து சமைக்க ஆரம்பித்திருந்தன. ஊர்க் கூட்டத்தைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பெங்களூரில் ஓட்டல் வேலை என்று ஒரு பையோடு பஸ் ஏறினான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வந்தது. பிறகு எப்போதாவது வந்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. ஹூப்ளியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இல்லை, கோவாப் பக்கம் என்றார் இன்னொருவர். போலீசில் எழுதிக் கொடு என்று தம்பிகள் வற்புறுத்தி ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிப்போனார்கள். வாசலில் காணாமல் போனவர்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. அதைப் பார்த்ததும் அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். யாராவது வாசலில் நின்று, "உதயன் இருக்கானா?" என்று கேட்டால், "இருக்கான், இப்பத்தேன் கடைப்பக்கம் போனான்" என்பாள் சின்னத்தாயி. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஊர்க்காரர்கள் கேட்பதில்லை. உலையில் அரிசி போடும்போது பாண்டீஸ்வரி ஒரு பிடி கூடுதலாகப் போடுவாள். மறுநாள் காலையில் அது பழையதாக இருக்கும். இருவரும் கரைத்துக் குடிப்பார்கள். ஏன் கூடுதல் என்று ஒருத்தி கேட்டதில்லை, மற்றவள் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் இருபதாண்டுத் திட்டம் வந்தது.

காரைக்குடியில் ஒரு தொண்டு நிறுவனமும் சுற்றியிருக்கிற பஞ்சாயத்துகளும் சேர்ந்து போட்ட திட்டம். மழை பொய்த்து, கண்மாய்கள் கருவேலங்காடாகி, பிள்ளைகள் பட்டணம் பார்த்துப் போய்விட்ட ஊர்களை இருபது வருஷத்தில் எப்படித் தூக்கி நிறுத்துவது என்று ஊர்க்காரர்களை வைத்தே யோசித்து எழுதுவதாகச் சொன்னார்கள். ரேணுகா என்ற பெண் அதற்குப் பொறுப்பு. சேலத்துக்காரி. ஸ்கூட்டரில் வருவாள், வெயிலில் முகம் கறுத்துப்போயிருக்கும், கொடுத்த மோரை நின்றபடியே குடிப்பாள். சமுதாயக் கூடத்தில் முதல் கூட்டம் நடந்தது. இருபது வருஷம் கழித்து செம்பூரணி எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டாள்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குக் காவல் இருக்கிற சின்னக்கண்ணு எழுந்தார். "இருவது வருசம் கழிச்சுன்னா நான் படத்துல இருப்பேன். எனக்கும் ஒரு மாலை செலவு எழுதிக்கிருங்க மேடம்."

கூடம் சிரித்தது. பஞ்சாயத்துத் தலைவர் கருத்தையா அவரை அதட்டி உட்கார வைத்தார். கருத்தையா உதயகுமாருக்குச் சித்தப்பா முறை. பாண்டீஸ்வரிக்குச் சின்ன மாமா.

அன்றைக்கு ரேணுகா சொன்னதில் ஒன்று பாண்டீஸ்வரியின் மனதில் தைத்துக்கொண்டது. ஆட்கள் வெளியேறிப்போன ஊர்களுக்குத்தான் முதல் கட்டம். அந்த ஊர்களில் பெரிய வீடு ஒன்றின் பின்கட்டை வாங்கிப் பலகாரக் கூடம் வைப்பார்கள். அடுப்பும் பெரிய சட்டிகளும் வரும், பலகாரம் வெளியூர்களுக்குப் போகும். புருஷன் போய்விட, குடும்பத்தைத் தானே தாங்குகிற பெண்களுக்கு அதில் முதல் இடம். பாண்டீஸ்வரி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் கை மாவு பிடித்து வெகுகாலமாகியிருந்தது.

பிறகு மாசி மாதம் கல்லூரிப் பிள்ளைகள் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தார்கள். கோயில் திருவிழா நேரம். நாலைந்து பெரிய வீடுகளில் நிஜமாகவே ஆள் வந்து இறங்கியிருந்தார்கள், வாசலில் கார் நின்றது. தேனம்மை ஆச்சி வீட்டில் பாண்டீஸ்வரி கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள்.

"இந்த வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க அக்கா?"

"எல்லாரும் இருக்காக."

"எல்லாரும்னா?"

அவள் ஒவ்வொருவராகச் சொன்னாள். அப்பச்சி, ஆச்சி, மீனாட்சிசுந்தரம் அண்ணன், அவர் தம்பிமார், அவர்கள் பிள்ளைகள். சொல்லச் சொல்ல எட்டு அறையும் நிறைந்தது. அந்தப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்து அவளுடைய சொந்த வீட்டுக்கு வந்தபோது சின்னத்தாயி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்காரர் இருக்காரா அக்கா?"

"இருக்காரு."

ஆவணி மாதம் திட்டத்தைச் சமுதாயக் கூடத்தில் வாசித்தார்கள். செம்பூரணி கடைசிக் கட்டத்தில் இருந்தது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

"என்னம்மா இது?" என்று கருத்தையா எழுந்துவிட்டார். "நாதியத்துக் கெடக்குற ஊரு. இதுக்குக் கடைசியா?"

"இல்லீங்க ஐயா. இந்த வட்டாரத்துலயே ஆள் போகாத ஊர் உங்க ஊருதான்" என்றாள் ரேணுகா. பழைய அரசாங்கக் கணக்கு இதோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் அது பல வருஷத்துக்கு முந்தையது என்பதால் விட்டுவிட்டோம் என்றாள். "தேனம்மை ஆச்சி வீட்டுல மட்டுமே இருபத்தாறு பேரு இருக்காங்களே."

எல்லோரும் திரும்பிப் பாண்டீஸ்வரியைப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிப்பேர் வீடு காக்கிறவர்கள். ஒவ்வொருவரும் தாங்கள் சொன்ன பதிலை நினைத்துப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"ஆத்தாடி" என்றார் சின்னக்கண்ணு மெதுவாக. "செத்தவுகளுக்கெல்லாம்ல திட்டம் போட்டுருக்கீக."

அப்போதும் ஒருவர் இருவர் சிரித்தார்கள். ஆனால் ரேணுகா மேலே வாசிக்க வாசிக்கச் சிரிப்பு நின்றுபோனது. இத்தனை பேருக்குத் தண்ணீர் வேண்டும் என்று மேல்நிலைத் தொட்டி எழுதியிருந்தது. அவர்கள் ஏறி இறங்க நிழற்குடை, அவர்கள் பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்பறை. ஜனம் எப்படிப் பெருகும் என்றும் கணக்குப் போட்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்கிற இளங்குடும்பங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கும், அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இங்கேயே குடித்தனம் நடத்தும். இல்லாதவர்கள் அந்தத் திட்டத்தில் பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, இந்தத் தெருக்களிலேயே இருபது வருஷம் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

பாண்டீஸ்வரிக்குப் பிள்ளை இல்லை. கோயில் கோயிலாகப் போய்ப் பார்த்தும் தங்கவில்லை. அந்தத் தாளில் அவள் வீடும் கணவனும் மனைவியும் இருக்கிற வீடுதான். அப்படியானால் அதில் தனக்கும் ஒரு பிள்ளை எழுதியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஆணோ பெண்ணோ. இருபது வருஷம் கழித்து அதற்குக் கல்யாண வயதுகூட வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் எண்ணெய்ச் செம்போடு தெருவில் நடந்தபோது ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். எதிரில் யாரும் இல்லை. ஆனாலும் நடுத்தெருவில் நடக்கக் கால் வரவில்லை. வீடுகள் எல்லாம் பூட்டியபடியே இருந்தன. எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்து யாரோ இப்போதுதான் பேச்சை நிறுத்தியது மாதிரி இருந்தது.

தவறு தெரிந்தபிறகு ரேணுகா கோபப்படவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு வந்தாள். இறுதி செய்ய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, திருத்திவிடலாம் என்றாள். ஆனால் ஆபீசில் உட்கார்ந்து திருத்தினால், உதவி வாங்குவதற்காகச் செம்பூரணி கணக்கை மாற்றிவிட்டது என்று மற்ற ஊர்கள் பேசும். அதனால் சுற்றியிருக்கிற ஊர்த் தலைவர்கள் முன்னால், பொட்டலில் கோலப்பொடியால் ஊரை வரைய வேண்டும். இருக்கிற ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. இல்லாத ஆளுக்கு ஒரு செம்புறாங்கல் துண்டு. வீட்டுக்குப் பொறுப்பானவர் தானே கட்டத்துக்குள் போய் வைத்து, பெயரையும் போன இடத்தையும் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"நான் மாட்டேன்" என்றார் சின்னக்கண்ணு. "வாசல்ல நின்னு அந்தச் சொல்லச் சொல்லுறதுக்கு நான் காவலுக்கே வந்திருக்க வேண்டாம்."

"யோவ், வாசல்ல எங்கய்யா சொல்லச் சொன்னாக? படத்துலதான" என்றார் கருத்தையா.

"படத்துலயும் வாசல் போடுவீகல்ல?"

வீடு காக்கிற பெண்கள் யாரும் சம்மதிக்கவில்லை. ரேணுகா பாண்டீஸ்வரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, பலகாரக் கூடத்துல உங்க பேரை முதல்ல வைக்கணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா நீங்க வீட்டுக்காரர் கூட இருக்கிறதாத்தான் இருக்கு. உங்க வாயால சொன்னாத்தான் என்னால மாத்த முடியும்."

பெரிய வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு உத்தரவு கேட்கப் பாண்டீஸ்வரி தேனம்மை ஆச்சிக்குப் போன் போட்டாள். ஆச்சி சென்னையில் மகளோடு இருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார்.

"ஏன்டி பாண்டீஸ்வரி, எங்களைச் சொன்னே சரி. எங்க அப்பச்சி போய்ச் சேந்து எத்தன காலமாச்சு, அவுகளையுமா சேத்தே?"

"வெளக்கு வச்சுக்கிட்டுத்தான ஆச்சி இருக்கேன்."

"பலகாரம் போட ரெண்டாங்கட்ட எடுத்துக்கச் சொல்லு. தம்பிகள்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் ஆச்சி. பிறகு குரல் தாழ்ந்தது. "நான் இனி அங்க வந்து இருக்கப் போறதில்லடி. எனக்குத் தெரியும். இருக்காகன்னு நீ சொல்லிக்கிட்டிருந்தது நல்லாத்தேன் இருந்துச்சு. சரி, சொல்லிரு."

அதைவிடக் கடினமான உத்தரவு வீட்டில் இருந்தது. மறுநாள் காலை பழையதைக் கரைத்துக்கொண்டிருந்தபோது சின்னத்தாயியே எடுத்தாள்.

"பெரிய வீட்டப் பத்தி என்னமும் சொல்லிக்க. நம்ம வீட்டுக்கு என்னத்தச் சொல்லுவே?"

பாண்டீஸ்வரி கையை எடுக்காமல் சட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"இருக்காருன்னு சொன்னா எனக்கு வேலையில்ல, அத்தே."

"வேலைக்காக எம்மகன இல்லேன்னு சொல்லப் போறியா?"

"நான் சொல்றதாலயா அவரு இல்லாமப் போயிருவாரு?"

"சொல்லு. நல்லாச் சொல்லு. சொல்லிட்டு வந்து ஒலையில ஒரு பிடியக் கொறச்சுரு."

இருவருக்கும் தெரிந்து இருவரும் பேசாமல் வைத்திருந்தது அந்தப் பிடி அரிசி. வெளியே வந்துவிட்டதும் சின்னத்தாயியே திடுக்கிட்டுப்போனாள். முட்டியைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குச் சட்டியில் இருந்ததை யாரும் குடிக்கவில்லை.

பொட்டலில் ஊர் கூடுகிற நாளன்று நடுப்பகலில் பாண்டீஸ்வரி பெரிய வீட்டுக்குப் போனாள். வழக்கமாக அந்த நேரத்துக்குப் போகிறவள் இல்லை. வாசலைத் திறந்தாள். "ஆச்சி, நாந்தேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வளவில் உச்சி வெயில் செங்குத்தாக இறங்கி நின்றது. எட்டுக் கதவுகளும் மூடியிருந்தன. அவள் நடுவில் போய் நின்றாள். சாயங்காலம் பொட்டலில் சொல்லப் போவதை, முதலில் இந்த வீட்டிடமே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து வந்திருந்தாள். அதுதான் நியாயம் என்று பட்டது. இத்தனை வருஷம் சோறு போட்ட வீடு, மூன்றாவது மனுஷர் வாயால் கேட்கக் கூடாது.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"இங்க யாரும் இல்ல."

ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். கதவு அடித்துக்கொள்ளும், புறா பறக்கும், அப்பச்சி படம் ஆடும். ஒன்றும் நடக்கவில்லை. எப்போதும் எங்காவது சொடுக்குகிற ஓடுகூடச் சொடுக்கவில்லை. வெயில் அதே இடத்தில் நின்றது. வீட்டுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரியாத மாதிரி அவளுக்காகத்தான் இருந்திருக்கிறது.

பூட்டும்போது, "வாரேன்" என்று சொல்ல வாயெடுத்து, யாரிடம் என்று நினைத்து நிறுத்திக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் பொட்டலைக் கூட்டித் தண்ணீர் தெளித்து ஊரை வரைந்தார்கள். பொண்டுபிள்ளைகள் குனிந்து கோடு இழுத்தார்கள். ஊரணி, கண்மாய், கோயில், தெருக்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம். கடைசியில் பார்த்தால் ஊர் அழகாகத்தான் இருந்தது. பக்கத்து ஊர்த் தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னத்தாயியைக் கருத்தையா தன் வண்டியில் ஏற்றிவந்து வேப்பமரத்தடியில் இறக்கிவிட்டிருந்தார். அவள் வருவாள் என்று பாண்டீஸ்வரி நினைக்கவில்லை.

முதலில் குடியிருக்கிற வீடுகள். அது சுலபமாக நடந்தது. புளியங்கொட்டைகளை வைத்துவிட்டுப் பெயர் சொல்லிவிட்டு வந்தார்கள். பெரிய வீடுகளின் முறை வந்ததும் ஒருவரும் நகரவில்லை. தட்டு நிறையச் செம்புறாங்கல் துண்டுகள் தொடப்படாமல் இருந்தன.

"யாராச்சும் போங்கத்தா" என்றார் கருத்தையா.

பாண்டீஸ்வரி எழுந்தாள். முந்தானையில் கற்களை அள்ளிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கோடு அழியாமல் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து, தேனம்மை ஆச்சி வீட்டுக் கட்டத்துக்குள் போனாள். நாலு பேர் முன்னால் பேச்சு வராதவள் அன்றைக்குப் பேசினாள். முதல் கல்லை வைத்து அப்பச்சி பெயரைச் சொல்லி, "எறந்துட்டாக" என்றாள். அடுத்தது ஆச்சி, சென்னை. மீனாட்சிசுந்தரம், கோயம்புத்தூர். பினாங்கு, பினாங்கு, சென்னை. குரல் நிற்கவில்லை. கட்டம் சிவந்தது. "யாரும் இல்ல" என்று முடித்தாள்.

பிறகு சின்னக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அவளே சொல்லிட்டா. எனக்கென்ன" என்று முணுமுணுத்தபடி தட்டிலிருந்து கை நிறைய அள்ளினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். மெட்ராஸ், சிங்கப்பூர், எறந்துட்டாக, அமெரிக்கா, தெரியல, எறந்துட்டாக. தெருத் தெருவாகச் செம்புறாங்கல் பரவியது. நாற்காலியில் இருந்த தலைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைக் கோலமாக இருந்த ஊர் காய்ந்த ரத்த நிறமாக மாறியபோது, அதை வரைந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி முதல் சுற்றில் விட்டுவைத்திருந்த தன் வீட்டுக் கட்டத்துக்கு வந்து நின்றாள். தனக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று இரண்டு புளியங்கொட்டைகளை வைத்தாள். இடது கையில் இன்னொரு புளியங்கொட்டை இருந்தது. வலது கையில் ஒரு கல். எதை வைக்கிறாள் என்று ஊரே பார்த்தது. அவள் வேப்பமரத்தடியைப் பார்த்தாள்.

சின்னத்தாயி இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஊர் நிறைய வைத்திருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவளின் பார்வை மருமகளிடம் வந்து நின்றது.

"கல்ல வையித்தா" என்றாள்.

பாண்டீஸ்வரி குனிந்து வைத்தாள்.

"பேரு சொல்லணும் அக்கா" என்றாள் ரேணுகா, மிகவும் தணிந்து.

புருஷன் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கூப்பிடுவதற்கு 'ஏங்க' போதுமாக இருந்தது, மற்றவர்களிடம் சொல்வதற்கு 'அவுக' போதுமாக இருந்தது. சங்கடம் புரிந்து, "நான் சொல்லுறேன் மேடம், அவுக பேரு..." என்று சின்னக்கண்ணு ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருடா" என்றாள் சின்னத்தாயி. "அவ சொல்லட்டும். அவளுக்குத்தேன் அவன் இல்ல."

பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். "உதயகுமார்" என்றாள். கூப்பிடுகிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பொட்டலுக்கு அந்தப்பக்கம் ரோட்டில் போன யாரோ ஒருவர் தன்னைத்தான் என்று நினைத்தது மாதிரி நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வேறு யாரோ.

"எந்த ஊர்ல இருக்கார் அக்கா?"

"தெரியாது."

ரேணுகா எழுதிக்கொண்டாள். "அடுத்த வீடு" என்றார் கருத்தையா.

பாண்டீஸ்வரி வெளியே வரத் திரும்பினாள். சுற்றிலும் கற்கள். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் யாராவது ஒருவர் மேல் பட்டது. அதனால் தன் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். இருட்டுவதற்குள் ஊர் முழுவதையும் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாகப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. அவள் புடவையை இழுத்து அந்தக் கல் மேல் படாமல் செருகிக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.